முன்வரிசைப் பெஞ்சுகள்

நவம்பர் 19

மலைமேல் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கையெழுத்தை வைத்து என்னை அடையாளம் தெரிந்துகொள்ள வழியில்லை. இந்த மாதம் இரண்டாம் தேதி மத்தியானம் உங்கள் ஆலயக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினானே, அந்த பஸ் டிரைவர்தான் எழுதுகிறேன். முகவரி தெரியாததால் உறையில் 'மலை உச்சி ஆங்கிலிக்கன் ஆலயம்' என்று மட்டும் போட்டிருக்கிறேன். அந்த மலையில் உங்களைத் தவிர வேறு யாருக்குத் தபால் வரப்போகிறது என்ற தைரியம்தான்.

அன்று சரியாக நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். மீட்பு வண்டி வந்ததும் ஆட்களை ஏற்றுவதிலேயே குறியாக இருந்தேன். உங்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டேனா என்பதுகூட நினைவில்லை. அந்தக் குறை மனசில் முள்ளாகக் கிடக்கிறது.

எனக்கு முன்னால் வளைவில் மண் சரிந்தது. பின்னால் எடுக்கலாம் என்று திரும்பிப் பார்த்தால் அங்கேயும் பாதை இல்லை. என்னையும் கண்டக்டரையும் சேர்த்து இருபத்துமூன்று பேர். ஐஸ் கலந்த மழை. எவருடைய போனிலும் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. உங்கள் மணிக்கூண்டு மட்டும் கண்ணில் பட்டிருக்காவிட்டால் நாங்கள் பஸ்ஸுக்குள்ளேயே விறைத்திருப்போம். எனக்கும் சாமிக்கும் நடுவே பெரிய பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. இருந்தாலும் அன்றைக்கு அந்தக் கல் சுவரைத் தொட்டபோது என் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கம்பளி எடுக்க நீங்கள் பின்னால் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். கொட்டகைக் கூரை பறந்துபோய் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. இரும்பு அடுப்பில் இருந்தது ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. சிவப்புக் குல்லா போட்ட பெரியவர் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று நடுக்கம் நின்றது. நல்லதாயிற்று என்று நினைத்தேன். பஸ்ஸில் வந்த நர்ஸ் என் காதோரம் வந்து, "நடுக்கம் நின்னா நல்லதுன்னு நினைக்காதீங்க. உடம்பு தோத்துப்போச்சுன்னு அர்த்தம். உடனே சூடு வேணும்" என்றார். அடுப்புப் பக்கத்தில் கோடரி இருந்தது. கடைசி வரிசைப் பெஞ்சை நான் உடைத்தேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

அந்தக் கட்டையை உள்ளே வைத்ததும் மஞ்சளாக ஒரு புகை. மூச்சிரைக்கிற குழந்தை இருமத் தொடங்கியது. நீங்கள் கம்பளிகளோடு உள்ளே வந்தீர்கள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். நீங்கள் இடுக்கியால் கட்டையை வெளியே இழுத்து மழையில் போட்டுவிட்டு, "பின்னாடி இருக்கறதெல்லாம் பூச்சி மருந்து அடிச்சது. குழந்தைக்கு ஆகாது. முன்வரிசையை எடுங்க" என்றீர்கள். அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த மூன்று பெஞ்சும் இரண்டு நாள் எங்களைக் காப்பாற்றின.

பெரியவர் நன்றாக இருக்கிறார். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. என் மனைவி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். அந்தப் பெஞ்சுகளுக்காக உங்களை யாராவது ஏதாவது கேட்டால், கோடரி எடுத்தவன் நான்தான் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

என்றும் நன்றியுள்ள,
பஸ் டிரைவர்


நவம்பர் 30

ஓட்டுநர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் உறையைப் பார்த்துச் சிரித்தார். இனிமேல் அப்படியே போட்டால் போதும், வந்து சேரும்.

பெரியவரும் குழந்தையும் நலம் என்று அறிந்து கர்த்தருக்கு நன்றி செலுத்தினேன். மீட்பு வண்டி ஏறும்போது நீங்கள் கும்பிட்டீர்கள். நான் பார்த்தேன். ஆகவே அந்த முள்ளை எடுத்துப் போட்டுவிடலாம்.

பாதை சரியாகிவிட்டது. கூரைத் தகடு பள்ளத்தாக்கில் கிடைத்தது. அடுப்பின் புகைக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். உங்கள் ஆட்களில் யாரோ ஒருவர் ஞானஸ்நானத் தொட்டியில் ஈரக் காலுறை ஒன்றைக் காயப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நூற்றைம்பது வருடத்தில் அந்தத் தொட்டியில் எத்தனையோ குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. காலுறைக்கு நடந்தது இதுதான் முதல் தடவை. பழுப்பு நிறம், இடது கால். துவைத்து வைத்திருக்கிறேன். உரியவர் கேட்டால் அனுப்புகிறேன்.

கோடரி விஷயத்தை இனிமேல் கடிதத்தில் எழுத வேண்டாம். வேறு யாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஆலயத்துக்குள் நடப்பது என் பொறுப்பு.

மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆலயக் காப்பாளர்


டிசம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

'அக்கா' என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா என்றால் என் அம்மா கோபித்துக்கொள்வாள். மேடம் என்றால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். அக்கா இடம் எங்கள் வீட்டில் காலியாக இருக்கிறது. பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.

காலுறை எங்கள் கண்டக்டருடையது. ஒரு மாதமாக வலது காலுறையை மட்டும் வைத்துக்கொண்டு, ஜோடி எங்கே போயிற்று என்று மனைவியிடம் பதில் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார். உங்கள் கடிதத்தை வாங்கிப் போய் வீட்டில் காட்டிய பிறகுதான் அவருக்குச் சோறு கிடைத்தது.

நான் இப்போது பஸ் ஓட்டவில்லை. விசாரணை முடியும்வரை டிப்போவில் டயருக்குக் காற்று பார்க்கிறேன். காலையில் நாற்பது பஸ், சாயங்காலம் நாற்பது பஸ். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிற்று. விசாரணை எதற்கு என்றால், மழைநாளில் மலைமேல் ஏன் போனாய் என்று. அதில் என் தப்பு இருக்கிறது, அக்கா. அடிவாரச் சாவடியில் தடுப்புக் கம்பியைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். போகலாமா என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார் அந்த ஆள். ஒருத்தர் உன் இஷ்டம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது, இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியும் எனக்கு அன்றுவரை தெரியாமல் போயிற்று. பயணிகள் அவசரப்படுத்தினார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்லவில்லை. ஸ்டியரிங் என் கையில்தானே இருந்தது.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால், "நம்ம வீட்டு பெஞ்சையும் உடைச்சிடாதீங்க" என்று என் மனைவி கிண்டல் செய்கிறாள். எட்டாவது படிக்கிற மகள், உங்கள் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலை நான் சொல்லச் சொல்லக் கேட்டு வரைந்திருக்கிறாள். நான் சொன்னது சரியா என்று தெரியாது. நீலம் நிறைய இருந்ததாக ஞாபகம். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பஸ்ஸில் வந்தவர்களெல்லாம் இப்போது ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். நர்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க மேலே வருவதாகச் சொல்கிறார். எரித்ததற்குப் பதிலாகப் புதுப் பெஞ்சு செய்து தரலாமா என்று பெரியவர் கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஆயர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா? உங்கள் கடிதம் அளந்து வெட்டிய துணி மாதிரி இருந்தது. ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அன்புத் தம்பி,
டயருக்குக் காற்று பார்ப்பவன்


ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

உன் மகள் வரைந்த படத்தைப் பார்த்தேன். நீலம் சரிதான். ஆனால் ஜன்னலில் மேய்ப்பர் தோளில் இருப்பது ஆட்டுக்குட்டி. அவள் பூனை வரைந்திருக்கிறாள். நீ என்ன சொன்னாயோ! பரவாயில்லை, பூனையும் குளிரில் தவிக்கிற பிராணிதான். என் அடுப்படியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சாவடியில் நடந்ததை மறைக்காமல் சொன்னாய் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்காக முதுகு வலி குறையாது. வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஆயர் வந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். ஏழு ஆலயங்கள் அவர் தலையில். தங்கமான பையன். யாரையும் நோகடிக்கத் தெரியாது, அதனால் யாரையும் காப்பாற்றவும் தெரியாது. பழைய கட்டிடங்களை மேற்பார்க்கும் குழுவிலிருந்து மூன்று பேர் பிறகு வந்தார்கள். முன்வரிசை இருந்த இடத்தை அளந்தார்கள். சாம்பலைக்கூட ஒரு காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெஞ்சுகள் ஆலயம் கட்டிய அதே வருடத்தில் செய்தவை. இந்த மலையை சர்வே சங்கிலி போட்டு அளக்க வந்தவர்களின் தச்சர், கைப்பிடிகளில் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தார். மூன்றிலும் கொடி ஒன்று போல இராது. இருபது வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைத்தவள் நான். எனக்குத் தெரியாதா? புதுப் பெஞ்சு எதுவும் வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்.

நீ நன்றி நன்றி என்று எழுதுகிறாய். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. இந்த ஆலயத்துக்கு மாதம் ஒரு முறை பதினொரு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். பாடுவார்கள், போய்விடுவார்கள். நீங்கள் வந்த மறுநாள் காலையில் நான் கதவருகே நின்றேன். வெந்நீர் இருக்கா, ஊசி இருக்கா, துண்டு இருக்கா, குழந்தைக்குப் படிக்க ஏதாவது இருக்கா, இந்த ஊர் எவ்வளவு உயரம், உங்களுக்குத் தூக்கம் வந்ததா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மத்தியானத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அத்தனை சந்தோஷமாக எனக்கு என்றுமே தொண்டை கட்டியதில்லை. இதை உன்னிடம் சொல்லாவிட்டால் நான் நன்றிகெட்டவள் ஆவேன்.

வேறு விசேஷம் இல்லை. கோழிகளைத் தபால்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அலமாரியில் இருந்த புத்தகங்களையும் கட்டி வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஜனவரியில் எந்தப் பூஞ்சை, அக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் மேலே வந்தாரே, நீங்கள் காபி போட உள்ளே போன நேரத்தில் தபால்காரர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். உங்கள் கோழிகள் தன் வீட்டு முற்றத்தில் மேய்வதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பொறுக்கவில்லையாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நீங்கள் வேலையையும் வீட்டையும் விட வேண்டும் என்று உத்தரவு வந்ததும், 'நான்கு பெஞ்சுகளையும் நானே என் கையால் உடைத்தேன், வேறு யாரும் தொடவில்லை' என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

பத்து நாளுக்கு முன்னால் என் விசாரணை முடிந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். பஸ் திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல நேரம்யா உனக்கு. அந்தக் கோயில்லேருந்து உன் மேல ஒரு புகாரும் வரல. வந்திருந்தா லைசென்ஸே போயிருக்கும்" என்றார். நான் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிச் சிரித்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனேன். அந்தச் சினிமா ஓடிய நேரத்தில் நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. உங்களிடம் வாங்கிக்கொள்ள மட்டுமே தெரிந்தவனாக என்னை ஆக்கிவிட்டீர்கள். கதவைத் திறந்தீர்கள், வாங்கிக்கொண்டேன். கம்பளி, கஞ்சி, பெஞ்சு, எல்லாம் வாங்கிக்கொண்டேன். இப்போது உங்கள் வீட்டையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

மேற்பார்வைக் குழுவுக்கு, நர்ஸ் சொன்ன அன்றே எழுதிப் போட்டுவிட்டேன். கோடரி எடுத்தவன் நான், சாட்சி இருபத்திரண்டு பேர் என்று. மார்ச் எட்டாம் தேதி கூட்டத்துக்கு வரச் சொல்லி இன்று பதில் வந்தது. என் மனைவியிடம் இதனால் என்னவெல்லாம் ஆகலாம் என்று சொன்னேன். "டயருக்குக் காத்து பார்த்துக்கிட்டிருந்தப்பவும் சாப்பிட்டோம்தானே" என்று மட்டும் சொன்னாள்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
தம்பி


மார்ச் 1

தம்பி,

நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதிதான் உண்மை. நீயாக உடைத்தது கடைசி வரிசைப் பெஞ்சு மட்டும்தான். அது முப்பது வருடத்துக்கு முந்தைய சாதாரணப் பலகை. அதற்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. எவற்றுக்காக அவர்கள் வருந்துகிறார்களோ அவற்றைக் கைகாட்டியவள் நான். பின்வரிசைகளுக்கு மருந்து அடித்தபோது கூட நின்று பார்த்தவள் நான்; அந்த டப்பாவில் மண்டையோட்டுப் படம் இருந்ததும் எனக்கு நினைவிருந்தது. முன்வரிசையின் அருமையும் தெரியும். இரண்டும் தெரிந்துதான் சொன்னேன். அதை உன் கையால் செய்தால் என்ன, என் கையால் செய்தால் என்ன?

மீதிப் பாதியையும் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் இங்கே வந்த இரண்டாவது வருடம், இதே போல ஒரு மழைநாள் சாயங்காலம், ஒரு ஆணும் பெண்ணும் வாசல் மண்டபத்தில் ஒதுங்கினார்கள். ஆராதனை நேரம் தவிரக் கதவைத் திறக்கக் கூடாது என்று அப்போதிருந்த ஆயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு வேலை புதிது. என் கணவர் இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, போக்கிடமும் இல்லை. ஜன்னல் வழியாக ஒரு போர்வையும் ரொட்டியும் கொடுத்தேன். கதவைத் திறக்கவில்லை. அந்தப் பெண், "பரவால்லம்மா, நீங்க என்ன செய்வீங்க" என்றாள். காலையில் பார்த்தேன். போர்வை மடித்து வைத்திருந்தது. அவர்கள் இல்லை. எந்தப் பக்கம் போனார்கள், எங்கே போய்ச் சேர்ந்தார்கள், ஒன்றும் தெரியாது. ஏசியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவள் என்னை மன்னித்துவிட்டுப் போனாள், தம்பி. பதினெட்டு வருடமாக அது என்னோடு இருக்கிறது.

ஆகவே நீ கதவைத் தட்டியபோது எனக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. நீங்கள் இருபத்துமூன்று பேரும் எனக்குச் செய்த உதவி உங்களுக்குத் தெரியாது. வேலை போவது பெரிதில்லை.

எட்டாம் தேதி நான் வர மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைப் போக வேண்டாம் என்று சொன்னால் கேட்பாயா? மாட்டாய். போனால், இந்தக் கடிதத்தில் உள்ள அந்த இருவரின் கதையை அங்கே சொல்லாதே. அது பரிதாபத்துக்காக எழுதியதல்ல.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லவில்லை. முதலில் அதை எழுதிவிட்டால்தான் நீங்கள் மேலே படிப்பீர்கள்.

கூட்டம் மாடியில் ஒரு நீள அறையில். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் ஒரு கட்டிடக்கலைஞர் அம்மா, குழுத் தலைவி, கறுப்புக் கண்ணாடிச் சட்டம், புன்னகை என்பதே கிடையாது. உங்கள் ஆயரும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் வருவேன் என்று எனக்கு ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் பதினேழு பேர் என் பின்னால் படியேறி வந்தார்கள். வேலைக்கு லீவு போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தர் ஊன்றுகோலோடு. அறையில் நிற்க இடமில்லை. காவலாளி தடுக்கப் பார்த்தார். கண்டக்டர், பழக்க தோஷம், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று எல்லோரையும் தள்ளி ஏற்றிவிட்டார்.

கோடரியைப் பற்றி நான் சொன்னேன். கேட்காமல் உடைத்தேன் என்றும் சொன்னேன். நர்ஸ் நடுக்கம் நின்றதை விளக்கினார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பெரியவர் இருந்திருக்க மாட்டார் என்று எழுதியே கொண்டுவந்திருந்தார். பெரியவர் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் வழக்கமாகப் பேசத் தொடங்கினால் பஸ் டெர்மினஸ் போய்ச் சேரும்வரை நிறுத்த மாட்டார். நேற்று, "நான்தாங்க அந்த பெஞ்சு. அதுக்குப் பதிலா இங்க நிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் தலைவி அம்மா என்னிடம், "பின்னாடி ஆறு வரிசை இருந்துச்சே. அதை விட்டுட்டு ஏன் முன்வரிசை?" என்று கேட்டார். மூன்று மாதமாக அவர்களை உறுத்தியது அந்தக் கேள்விதான் போலிருக்கிறது. மருந்து விஷயத்தைச் சொன்னேன். டப்பாவில் மண்டையோட்டுப் படம் இருந்ததையும் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து தேடினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மருந்தடிக்க உத்தரவு போட்டதே அந்தக் குழுதானாம். காகிதம் கிடைத்தது. மருந்தின் பெயரை வாய்க்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குழந்தையை ஒரு தடவை பார்த்தார். அது அப்போது ஆயரின் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா?"

"தெரிஞ்சுதான் சொன்னாங்க. கொடி செதுக்கினதும் தெரியும்."

"அவங்க எழுதிக் கொடுத்ததுல இது இல்லையே."

"அவங்க அப்படித்தான், மேடம். உத்தரவு போட்டது நீங்கன்னு உங்க மேல பழி வந்துடும்னு விட்டிருப்பாங்க."

இதை நான் ஊகித்துத்தான் சொன்னேன். சரியா, தவறா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் உங்கள் தங்கமான பையன் எழுந்தார். உங்களை வெளியேற்றும் உத்தரவில் தான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்றும், அதற்காக உங்களிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கப் போவதாகவும் சொன்னார். நீங்கள் அவரைப் பற்றி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

முடிவைப் பேராயருக்குப் பரிந்துரையாக அனுப்புகிறார்களாம். என்ன என்று சொல்லவில்லை. வெளியே வரும்போது தலைவி அம்மா என் பக்கத்தில் வந்து, உங்கள் வீட்டு ஜன்னல் சட்டம் உளுத்திருப்பதாகவும், அதை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். காலி செய்யப்போகிற வீட்டுக்கு யாராவது ஜன்னல் மாற்றுவார்களா? நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

என் விஷயம்: இன்று காலை டிப்போவில் கூப்பிட்டார்கள். லைசென்ஸ் தப்பியது. மலை ரூட் போய்விட்டது. இனி ஊருக்குள்ளேயே ஓட்ட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து ஸ்டேஷன், பதினோரு நிறுத்தம். செக்குமாடு மாதிரிதான். ஆனால் தினமும் சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். மலை வளைவில் திரும்பும்போது உங்கள் ஆலயம் கண்ணில் படும். இனி அது இல்லை. ஆனால் நேற்று அந்த மாடியிலிருந்து இறங்கியபோது, நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக என் கால் தரையில் பட்டது மாதிரி இருந்தது. அதற்கும் நன்றி சொல்ல உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

உங்கள் தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபம் இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ ஊகித்தது சரி. ஆனால் அதைச் சபையில் சொல்லியிருக்க வேண்டாம். தலைவி அம்மா போன வாரம் அதையே என்னிடம் கேட்டார். தச்சரோடு வந்திருந்தார். ஜன்னலை மாற்றிவிட்டுத்தான் போனார்.

பேராயரின் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு முடிகிற வரைக்கும் இங்கேயே இருக்கலாம். ஆலயத்தின் கதவு இனிப் பூட்டப்படாது என்றும் எழுதியிருக்கிறார். நான் கேட்டது அது ஒன்றைத்தான். பூட்டை ஆயரே கழற்றினார். வந்த அன்றே மன்னிப்புக் கேட்டார். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதலில் என் தோட்டத்தில் அரைமணி நேரம் களை பிடுங்கினார். பாதி செடியும் போயிற்று. நான் அவரைப் பற்றி எழுதியதை முழுசாகவே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முன்வரிசை இருந்த இடத்தை வெறுமையாகவே விடுவது என்று குழு தீர்மானித்திருக்கிறது. போன ஞாயிறு அந்தப் பதினொரு பேரும் வழக்கம்போலப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். முன்னால் வெட்டவெளி. ஆயர் பீடத்தருகே நின்று கொஞ்சம் வாசித்தார், பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவரைச் சுற்றி வந்துவிட்டார்கள். குளிர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். ஆராதனை முடிந்தும் அரைமணி நேரம் யாரும் கிளம்பவில்லை. ஒருத்தி என்னிடம் ஊசியும் நூலும் கேட்டாள்.

உன் மலை ரூட் போனதை நினைக்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் உன்னைத் தடுத்தது அதற்காகத்தான். நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் உனக்கு மலை இருந்திருக்கும், எனக்கு இந்த வீடு இருந்திருக்காது. எது சரி என்று நான் இனிமேல் கணக்குப் போடப் போவதில்லை. இதுவரை எனக்கு யாரும் இப்படிச் செய்ததில்லை. கொடுக்க மட்டும் தெரிந்திருந்தது. வாங்கிக்கொள்ள இப்போதுதான் பழகுகிறேன். உன் மனைவியிடம் சொல், அவள் சொன்ன அந்த ஒரு வரியை நான் பல தடவை படித்தேன்.

இப்போது காரணம். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருக்கிறது. உன் கடைசிக் கடிதத்தை ஜன்னலருகே வைத்து, ஒரு நாளைக்குச் சில வரிகள் என்று படித்தேன். இதையும் மூன்று நாளாக எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள். உங்கள் ஊர் கண் ஆஸ்பத்திரியில் மே ஐந்தாம் தேதி முதல் கண்ணுக்குச் சிகிச்சை. நர்ஸ்தான் ஏற்பாடு செய்தார். இரண்டு நாள் அங்கே தங்க வேண்டும். கூட ஒருவர் இருக்க வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். பெயர், வயது, முகவரி எல்லாம் தபால்காரர் படித்துச் சொல்ல நானே நிரப்பினேன். 'உடன் இருப்பவர்' என்ற இடத்துக்கு வந்ததும் அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இருபது வருடமாக எந்தப் படிவத்திலும் நான் அந்த இடத்தில் ஒரு கோடுதான் போடுவேன். இந்தத் தடவை உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருந்தது. தம்பி என்று எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

பொய்யென்று யாராவது விசாரணை வைத்தால், நீ வந்து சாட்சி சொல்.

உன்,
அக்கா